டச்சுக்காரரிடம் மிஞ்சிய ஒரே படம்

த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டு டச்சுக்காரருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. ஓவியர். இளம் வயதில் சுமத்ராவின் புகையிலைத் தோட்டங்களில் வெள்ளைக்கார முதலாளிகளுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். போரில் ஜப்பான்காரன் பிடித்து முகாமில் அடைத்தபோது வரைந்ததெல்லாம் போய்விட்டது. அதற்கு முன்பே ஹாலந்திலிருந்த அம்மாவுக்கு அனுப்பிய ஒரே ஒரு படம்தான் மிச்சம். அவர் வீட்டுக் கூரை ஒழுகியதால், கண்காட்சிக்குப் போகும்வரை அதை எங்கள் ஹாலில் வைத்திருந்தார்.

தோட்டத்தில் வேலை செய்த ஒரு தமிழ்ப்பெண்ணின் படம். கழுத்தில் தாலிக்கயிறு, நெற்றி மட்டும் வெறுமை. பார்க்கப் பார்க்க எனக்கே எரிச்சல் வரும். கிள்ளானிலிருந்து வந்திருந்த என் அக்காவைக் கேட்கவே வேண்டாம், அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சனிக்கிழமை காலை சாமிப் படங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு, குங்குமத்தைக் குழைத்து அந்தப் பெண்ணுக்கும் வைத்துவிட்டாள். கண்ணாடி போடாத படம்!

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்று கத்தினேன்.

“தாலி கட்டுன பொம்பளடி. மூளி நெத்தியோட எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?”

ஈரத்துணியால் ஒற்றினேன். சிவப்பு புருவம்வரை இறங்கியது. ஒரு மனிதர் அத்தனை வருஷம் காப்பாற்றி வைத்ததை ஒரு நிமிஷத்தில் நாசம் பண்ணிவிட்டோம். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம். படத்தை எடுத்துப்போக டச்சுக்காரரின் மகளுடைய கார் வாசலில் நின்றது. அவர் கைத்தடியோடு உள்ளே வந்து நேரே படத்தின் முன் நின்றார்.

“யார் வைத்தது?”

அக்கா பின்வாங்காமல் தன்னைக் காட்டினாள்.

“நான் வரைந்த அன்றைக்கு அவள் நெற்றியிலும் இருந்தது,” என்றார். “சிவப்பு கண்ணை இழுக்கிறதென்று நானே கட்டைவிரலால் துடைத்தேன். அவள் அழுதாள். அவள் கணவன் வாசலில்தான் நின்றிருந்தான், அவனும் தலையைக் குனிந்துகொண்டான். ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?”

வயதானவர், சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“கணவன் செத்தால்தான் எங்களில் அதைத் துடைப்பார்கள்.”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வந்த மகள் படத்தைப் பார்த்துப் பதறி, இதைச் சுத்தம் செய்ய ஆள் இருக்கிறார்கள் என்று போனை எடுத்தாள்.

“வேண்டாம்,” என்றார் அவர். “இன்னொரு தடவை துடைக்க மாட்டேன்.”