எட்டாம் எண்ணுக்கு எழுதிய வழி

செஞ்சியில் நானும் என் நண்பரும் சேர்ந்து பன்னிரண்டு வருடங்கள் இணைய இணைப்பு கொடுத்துவந்தோம். ஊர் ஊராகப் போய் மொட்டை மாடிகளில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டுவது அவர் வேலை. கடைத்தெருவின் மாடி அறையில் உட்கார்ந்து ரவுட்டர்களுக்கு வழி எழுதுவது என் வேலை.

ரவுட்டர் தானாக எதையும் யோசிக்காது. இந்த முகவரிக்கு வந்தது இந்தப் பக்கம் போகட்டும் என்று நாம் ஒவ்வொன்றாக எழுதிவைப்பது ஸ்டாட்டிக் ரூட். பட்டியலில் இல்லாதது எதுவானாலும் இந்த ஒரு வாசலில் தள்ளு என்பது டீஃபால்ட் ரூட். நண்பர் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: “தெரியாத ஊருக்கெல்லாம் திண்டிவனம் பஸ்ல ஏத்தி வுட்டுடு, அங்க போயி கேட்டுக்கட்டும். அவ்ளோதானேய்யா? இதுக்கு ஒரு நோட்டு, அதுக்கு ஒரு அட்ட!”

கம்பங்களுக்கு எண் வைப்பதும் அவர்தான். முகவரியின் கடைசி எண் அது. எட்டாவதாக நட்டது அனந்தபுரம் கம்பம். அதற்கு அவர் ஒன்பது என்று வைத்தார்.

“எட்டு நமக்கு ஆவாது. வண்டி நம்பர்லயே கூட்டுனா எட்டு வரக்கூடாதுன்னு பாத்து வாங்குனவன் நானு.”

“ரவுட்டருக்குச் சனி புடிக்குமாய்யா?”

“அதுக்குப் புடிக்காது. உனக்குப் புடிக்கும்.”

இருவரும் சிரித்தோம். என் நோட்டில் வரிசை எண் போட்டு ‘8. அனந்தபுரம்’ என்று எழுதிக்கொண்டேன். முகவரி ஒன்பது என்பதைப் பக்கத்தில் குறிக்கவில்லை. அந்தக் கம்பத்துக்கான வேலைகளை அவர் மாடியில் நின்றபடியே முடித்துவிட்டதால் எனக்கு அது தேவைப்படவுமில்லை.

போன வருடம் ஆடி மாதம், பனமலையில் ஒரு வீட்டு மாடியில் புது ரவுட்டர் வைத்தோம். அங்கிருந்து வெளியே போகும் எல்லாம் அனந்தபுரம் வழியாகத்தான் போக வேண்டும். மறுநாள் மதியம் செஞ்சியிலிருந்தபடியே அதற்கு டீஃபால்ட் ரூட் எழுதினேன். நோட்டைப் பார்த்து, நிதானமாக, எட்டு என்று அடித்தேன். அடுத்த நொடி பனமலை அறுந்தது.

இரண்டு நாளாகப் பேய்க்காற்று. அதற்கு முந்தின நாள்தான் வேறொரு ஊரில் ஆன்டெனா திரும்பியிருந்தது. “காத்துல திரும்பிக்கிச்சு, போய்ப் பாத்துட்டு வா” என்றேன். என் நோட்டில் தவறிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. “டீ சொல்லி வையி, வந்துர்றேன்” என்று அவர் வண்டியை எடுத்தார்.

பனமலை ஏரிக்கரை வளைவில் வண்டி சறுக்கி, நின்றுகொண்டிருந்த கரும்பு டிராக்டரில் மோதி, அங்கேயே இறந்தார். மாடி வரைக்கும் போகவில்லை.

நான்காம் நாள் நான் போனேன். ஆன்டெனா அசையாமல் இருந்தது. லேப்டாப்பை மாட்டி வழிப் பட்டியலைத் திறந்தேன். செஞ்சியிலிருந்து அனுப்பியது எல்லாம் ஒழுங்காக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இந்த ரவுட்டரின் பதில்கள்தான், இல்லாத எட்டிடம் போய்ப் போய்க் காணாமல் போயிருக்கின்றன. எட்டை அழித்து ஒன்பது போட்டேன். உடனே உயிர் வந்தது. அன்றைய டைரியில் ‘பனமலை சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதினேன்.

அதன் பிறகு தினமும் காலையில் அறையைத் திறந்ததும் எட்டுக்கு ஒரு பிங் அனுப்புவேன். இருக்கிறாயா என்று கேட்பதுதான் பிங். நான்கு முறை கேட்கும், நான்கு முறையும் பதில் இல்லை என்று வரும். ஒருநாள் பதில் வந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தோடுதான் திரையைப் பார்ப்பேன். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

நண்பரின் மனைவி இப்போது எங்கள் அறையில் புகார் போன்களை எடுக்கிறார். என்னை அண்ணா என்பார். சென்ற வாரம் ஒரு போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ண்ணா, ஒன்னு கேக்கறேன். மறைக்காம சொல்லு. பனமலைல அவருக்கு யாரு இருக்காங்க?”

“இன்னாம்மா பேசற?”

“நான் பேசல. நாத்தனா பேசறா. அந்த மாடி வூட்டுக்காரரு சொன்னாராம், ஆன்டெனா அப்டியேதான் இருந்துச்சு, ஒரு ரிப்பேரும் இல்லன்னு. அப்ப இன்னாத்துக்குப் போனாருன்னு ஊரே கேக்குது. மாமியா வாயத் தொறக்க மாட்டேங்குது. அவரு படத்துக்குப் பூ வெக்கறதயே நிறுத்திடுச்சு.”

ஒரு வருடமாக என் வாயை அடைத்து வைத்தது என் பயம். அந்த இடத்தை ஊர் இப்படி நிரப்பியிருக்கிறது.

நோட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். அதில் எட்டைக் காட்டினேன், திரையில் ஒன்பதைக் காட்டினேன். ஆன்டெனா கெடவில்லை, நான்தான் தப்பாக எழுதினேன், நான்தான் அவரை அனுப்பினேன் என்று சொன்னேன். அவர் எட்டின் மேல் விரலை வைத்தார்.

“எட்டு வெக்க மாட்டாருன்னு உனக்குத் தெரியாதா? எங்க கல்யாணத்தயே எட்டாந்தேதில இருந்து மாத்துனவரு.”

“தெரியும்.”

“தப்பு உன்னுதுன்னு தெரிஞ்சும் ஒரு வருசமா உள்ளயே வெச்சினு இருந்தியா?”

அவர் நோட்டை மூடி இடுப்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். “வா. வந்து அவங்ககிட்ட சொல்லு. ரூட்டு கீட்டுன்னு சொல்லாத, புரியறா மாதிரி சொல்லு.”

மாமியார் வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: நான் ஒரு நம்பரை மாத்தி எழுதிட்டேம்மா, கம்பம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நான்தான் போவச் சொன்னேன், அதைப் பாக்கத்தான் போனாரு.

கை நின்றது.

“வேலைக்குத்தான் போனானா?”

“வேலைக்குத்தாம்மா.”

“நீ அனுப்பித்தான் போனானா?”

“ஆமாம்மா.”

அவர் என்னைத் திட்டவில்லை. முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு உள்பக்கம் திரும்பி, மகளைக் கூப்பிட்டார். “எதிர் வூட்டுக்காரியயும் இட்டுனு வாடி. இவுரு சொல்றத அவளும் கேக்கட்டும்.”

அவர்கள் வந்து நிற்கும் வரை நானும் நின்றேன். பிறகு முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.