கொம்புச் சீப்பில் ஒரு கத்திப் பிடி

வைத்தி செத்துப்போன செய்தியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே படித்தேன். கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நின்றபோது மின்கம்பத்தில் புதிதாக ஒரு சுவரொட்டி தெரிந்தது. முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டதிலிருந்து சோப்பு உறை, பஸ் பலகை, சுவர் விளம்பரம் எதையும் நான் விடுவதில்லை. கண்ணீர் அஞ்சலி என்று தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த வரியில் வை என்று வந்தது. பிறகு த். பிறகு தி. லிங்கம் வருவதற்குள் நிமிர்ந்துவிட்டேன். மேலே பெரிதாக அவன் முகமே இருந்தது. படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்த முட்டாள் நான். கம்பத்தை ஓங்கிக் குத்தினேன். விரல் முட்டியில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது.

அவனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் வருகிறதே என்ற சந்தோஷத்தை இந்தத் துக்கத்திலும் என்னால் ஒளிக்க முடியவில்லை. அவன் இருந்தால், "எழவுக்கு எழுதறப்பகூட இளிக்கிறான் பாரு" என்று ஏசியிருப்பான்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. வைத்தி ஊருக்கு நாவிதன். நான் வயல் தெருவில் கூலிக்காரன். மிராசுதாரர் களத்தில் நெல் வாங்கிப் பிழைக்கிற நாவிதன் எங்கள் தெரு ஆட்களுக்குச் சவரம் செய்யக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. கோட்டையில் ஆட்சி மாறி, எல்லோரும் சமம் என்று மேடைக்கு மேடை பேசிய வருஷங்கள் அவை. மிராசுதாரர் வீட்டு மாடியிலும் கொடி மாறியது. கீழே எங்களைக் கட்டிவைத்து அடிக்கிற புளியமரம் மட்டும் மாறவில்லை.

வைத்தி கட்டுப்பாட்டை மதிக்கவில்லை. மதகுச் சுவரில் எங்களை உட்காரவைத்துப் பட்டப்பகலில் வழித்துவிட்டான். அதைக் கேட்டு மிராசுதாரரின் ஏஜெண்டு நாலைந்து ஆட்களோடு வந்தார். நிலம், களம், அடிதடி எல்லாவற்றையும் மிராசுதாரருக்காகப் பார்த்துக்கொள்கிறவர் அவர். வைத்தியின் அப்பா விட்டுப்போன சீமைக்கத்தியை, அதன் கறுப்புப் பிடியைப் பிடித்து அவரே விரித்தார். ஆட்கள் வைத்தியின் தலையைச் சுவரோடு அழுத்திக்கொண்டார்கள். அவனுடைய மீசையில் ஒரு பாதியைத் தண்ணீர்கூடத் தொடாமல் வறட்டு வறட்டென்று வழித்தார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. அன்றே மிச்சத்தை எடுத்திருந்தால் அவமானம் ஒரு நாளோடு போயிருக்கும். வைத்தி எடுக்கவில்லை. பாதி மீசையோடு கோயிலுக்குப் போனான், சந்தைக்குப் போனான், மிராசுதாரர் வீட்டு வாசலிலேயே போய் நின்றான். கேட்டவர்களிடம், "ஆரம்பிச்சவருதான முடிக்கணும்? ஏஜெண்டய்யா வருவாரு, மிச்சத்தை வழிப்பாரு" என்றான். ஊர் ஏஜெண்டைப் பார்த்து வாய்க்குள் சிரித்தது. அதற்கப்புறம் அவர் வைத்தியைப் பார்த்த பார்வையிலேயே கொலை இருந்தது.

அந்தத் தை மாதம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நாங்கள் அரிவாளைக் கீழே வைத்தோம். வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் விடியற்காலையில் வரப்பில் போய் மறித்தோம். பனிமூட்டத்துக்குள்ளிருந்து தடி வந்தது. யார் அடிக்கிறார்கள், யார் விழுகிறார்கள் என்று தெரியவில்லை. எலும்பு முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. சங்கிலி என்று பட்டப்பேர் கொண்ட அடியாள் ஒருவன் என்னைச் சேற்றில் குப்புறத் தள்ளி, முதுகில் மண்டியிட்டு, கதிர்க்கட்டு கட்டுகிற கயிற்றைக் கழுத்தில் போட்டு இறுக்கினான். கண் பிதுங்கியது. வாயெல்லாம் சேறு. அப்போது கயிறு சட்டென்று தளர்ந்தது. பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டுக்கு, கத்தி கத்தரி வைக்கும் அடைப்பப் பையோடு புறப்பட்ட வைத்தி, அந்த வரப்பு வழியாக வந்தவன், பின்னாலிருந்து சங்கிலியின் கன்னத்தைக் காதிலிருந்து தாடை வரைக்கும் கிழித்துவிட்டான். சங்கிலி திரும்பாமலே கையை வீசிக் கத்தியைப் பிடித்தான். மளுக்கென்று பிடி முறிந்து ஒரு துண்டு அவன் கைக்குள் போய்விட்டது. வைத்தியின் முகத்தைப் பார்க்க முடியாதபடி அவன் கண்ணெல்லாம் ரத்தம். வைத்தி என்னை இழுத்துக்கொண்டு ஓடினான்.

அவன் வீட்டில் போய்த்தான் நின்றோம். எங்கள் தெருக்காரன் அந்த வீட்டுக்குள் நுழைந்ததற்கே கொளுத்துவார்கள். சங்கிலியை வண்டியில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று வைத்தியின் மனைவி அஞ்சலை சொன்னாள். வைத்தி தலையை ஆட்டினான்.

"அங்க எப்படி வெட்டுப்பட்டுச்சுன்னு போலீசுக்கு எழுதச் சொல்லுவாங்க. திரும்பிடுவாங்க. திரும்பினா எங்க வருவாங்க? இங்கதான்."

வெட்டுக்காயம் தைப்பதில் அந்த வட்டாரத்தில் அவனை விட்டால் ஆள் இல்லை. தான் கிழித்த கன்னத்தைத் தானே தைக்க வேண்டும். அந்தக் கறுப்புப் பிடியைக் கையால் பிடித்திருந்த ஏஜெண்டும் கூட வருவார், முறிந்த துண்டும் கூட வரும்.

"கத்தியை வாய்க்கால்ல வீசு" என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"வீசிட்டு? கத்தி எங்கடான்னு கேப்பான். கத்தி இல்லாத நாவிதனை அங்கயே வெட்டுவான். பிடியை மாத்தணும். அஞ்சல, உன் கொம்புச் சீப்பை எடு."

"அது எங்கம்மா குடுத்த சீப்பு."

"தலை இருந்தாத்தானடி சீப்பு?"

"என் தலை இருக்கும். உங்க தலைதான் இருக்காது" என்றாள். ஆனால் எடுத்து வந்தாள்.

எருமைக் கொம்பில் செய்த தடித்த சீப்பு அது. பல்லையெல்லாம் முறித்துப் போட்டு, முதுகுப் பக்கத்தை இரும்பறுக்கும் வாள்துண்டால் நெடுக இரண்டாகப் பிளந்தான். பழைய பிடியின் ஆணித் தலைகளை அரத்தால் தேய்த்துக் குத்தித் தள்ளினான். ஒட்டியிருந்த கறுப்புத் துண்டுகளை அஞ்சலை அடுப்பில் போட்டாள். பொசுக்கென்று ஒரு தீ கூரை வரைக்கும் எழும்ப, புருவம் கருக அலறிப் பின்னால் விழுந்தாள். சீமைச் சரக்கு, கற்பூரம்போல் எரிந்தது. பழுக்கக் காய்ச்சிய ஆணியால் கொம்புத் தகடுகளில் துளை போட்டபோது மயிர் கருகும் நாற்றம் வீடெல்லாம் அடைத்தது. பித்தளைக் கம்பியைக் கோத்து, கத்தி நடுவில் வந்து உட்காருகிறதா என்று மடக்கி மடக்கிப் பார்த்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் அலகு பிடியில் இடித்து மழுங்கும். நான் பயத்தில் சுத்தியைப் பிடுங்கி ஓங்கினேன். கையைத் தட்டிவிட்டான்.

"ஆளைக் கொல்ல ஒரு அடி போதும்டா. ஆணித் தலை விரிய நூறு தட்டு வேணும். ஓங்கினா கொம்பு பிளந்துக்கும்."

காயம் எரிகிற கழுத்தோடு அந்தத் தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் சாம்பலும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துப் பழசாக்கினான். ஓரத்தில் சீப்புப் பல்லின் அடிக்கட்டைகள் சில துருத்திக்கொண்டு நின்றன. அதைத் தேய்ப்பதற்குள் வாசலில் வண்டி மாட்டின் மணி கேட்டது. என்னைக் குதிருக்குப் பின்னால் தள்ளினார்கள்.

சங்கிலியின் கன்னம் கதவுபோல் திறந்து தொங்கியது. பல் வெளியே தெரிந்தது. பலகையில் படுக்கவைத்தார்கள். கிருதாவையும் தாடியையும் வழித்தால்தான் தைக்க முடியும். வைத்தி புதுப் பிடியைப் பிடித்துக் கத்தியை விரித்தான். ஏஜெண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"எங்கடா கறுப்புப் பிடி?"

முறிந்த துண்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். வைத்தி வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள்.

"நல்லாக் கேளுங்கய்யா! போன மாசம் என் தங்கச்சி வந்திருந்தா. பாதி மீசைய வெச்சிக்கிட்டு அவளைப் பார்த்து இளிக்கிறாரு. குழவியை எடுத்து அந்தக் கத்திப் பிடியை நச்சுன்னு நசுக்கி அடுப்புல போட்டேன். பதிலுக்கு என் சீப்பை அறுத்துப் பிடி போட்டுக்கிட்டாரு இந்த உத்தமரு. பல்லுகூட நிக்குது பாருங்க!"

"பொய் சொல்றா. இந்தா, அதே பிடிதான் இது" என்று ஏஜெண்டு துண்டை ஆட்டினார்.

"அதேன்னா பொசுக்குன்னு எரியுமே. என் புருவம் போனது அப்படித்தான. கொளுத்திப் பாருங்களேன்."

ஏஜெண்டு தீக்குச்சியைக் கிழித்து அந்தத் துண்டில் வைத்தார். சீறிக்கொண்டு எரிந்தது. "ஐயோ" என்று உதறினார். விரல் வெந்து, வேட்டியில் தீப்பிடித்து, அவர் குதிக்க, ஆட்கள் அவரைக் கையால் அடித்து அணைக்க, தரையில் ஒரு சிட்டிகைக் கரிதான் மிஞ்சியது. அப்போதுதான் அவருக்குத் தான் எதை எரித்தோம் என்று புரிந்தது. ஓடிவந்து வைத்தியின் விலாவில் உதைத்தார். வைத்தி சுருண்டு விழுந்தான். இன்னொரு உதை. இன்னொன்று.

பலகையில் கிடந்த சங்கிலி சிரித்துவிட்டான். வேட்டி எரிந்த ஏஜெண்டைப் பார்த்து அவனுக்கு அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கன்னம் இன்னும் கிழிந்து ரத்தம் கொப்பளித்தது. "உதைக்கிறத அப்புறம் வெச்சிக்கங்க" என்று குழறினான். "மொதல்ல என்னைத் தைக்கச் சொல்லுங்க, சாவுறேன்."

வைத்தி எழுந்து உட்கார்ந்தான். "சிரிக்காதீங்க தம்பி. வாய் கோணிக்கும்" என்றான். கத்தியை எடுத்தான்.

குதிரின் ஓரமாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கழுத்தை இறுக்கியவனுடைய கழுத்து, தலை பின்னால் சாய்ந்து, கத்திக்குக் கீழே கிடந்தது. அறு, அறு என்று நான் மனசுக்குள் கத்தினேன். கத்தி தொண்டைக் குழியில் ஒரு கணம் நின்றது. நான் கண்டேன். பிறகு மேலே போய்க் கிருதாவை வழித்தது. காயத்தைக் கழுவினான், பட்டு நூலைக் கோத்தான், பொறுமையாகத் தைத்தான். அவர்கள் போன பிறகு வாசலுக்குப் போய் ரத்தமாக வாந்தி எடுத்தான். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது.

"ஏண்டா விட்ட?" என்று கேட்டேன்.

"புதுப் பிடிடா. கைக்கு இன்னும் படியல" என்றான்.

அஞ்சலை சிரித்தாள், நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் அதை நினைத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிடி படிந்திருந்தால் அறுத்திருப்பான். ஊரில் அவனை நல்லவன், பொறுமைசாலி என்று பேசுகிறார்கள், பேசட்டும். கொலை வெறியைக் கைக்குள் வைத்துக்கொண்டு கிருதாவை மட்டும் வழித்தவன் என்று நான் எழுதிவைக்கிறேன்.

பிறகு மதகுச் சுவரில் மறுபடியும் எங்களை உட்காரவைத்து வழித்தான். சீப்புப் பல் துருத்திய அந்தப் பிடி, தேய்ந்து தேய்ந்து அவன் விரல்களுக்கு மட்டுமே பொருந்துகிறதாக ஆகிவிட்டது. கத்தியை அவன் மகள் எடுத்து வைத்திருக்கிறாள். அது அவளுக்குச் சேரவேண்டியது.

என் கழுத்தில் கயிறு அறுத்த தழும்பு முடிச்சாக நிற்கிறது. சவரம் செய்யும்போது கத்தி அந்த இடத்துக்கு வந்தால் வைத்தி பேச்சை நிறுத்திவிடுவான், மூச்சையும் அடக்கிக்கொள்வான். தாண்டிய பிறகுதான் விடுவான். அந்த மூச்சு என் முகத்தில் சூடாகப் படும். இப்போது நானே கண்ணாடி பார்த்து வழித்துக்கொள்கிறேன். தழும்பு வந்ததும் என் மூச்சும் தானாக நின்றுவிடுகிறது. அவனிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.