பாதியில் நின்ற முடிவெட்டு

என் அண்ணியிடம் முடி வெட்ட உட்கார்ந்தால், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும்வரை எழுந்திருக்க முடியாது. ஒருமுறை, பள்ளியில் பிள்ளை விழுந்துவிட்டது என்று போன் வந்து ஒரு பெண் பாதியில் எழுந்து ஓடினாள். அண்ணி கத்திரியோடு பின்னாலேயே ஓடி, காரில் ஏறப் போனவளைப் பிடித்து நிறுத்தி, மீதியையும் வெட்டித்தான் அனுப்பினாள்.

"ஐயோ அண்ணி, பிள்ளை அடிபட்டுக் கிடக்குது. உங்களுக்கு முடியா முக்கியம்?" என்று கத்தினேன்.

"அடிபட்ட பிள்ளை அம்மா தலையைப் பார்த்து இன்னும் பயந்துட்டா?" என்றாள். இப்படிப்பட்டவளிடம் என்னத்தைப் பேசுவது!

வீட்டின் கீழ்த்தளம்தான் எங்கள் பார்லர். இரண்டு நாற்காலி, சுவரை அடைத்த ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி. வெட்டுவதெல்லாம் அண்ணி. முன் மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பது, துண்டு துவைப்பது, காத்திருப்பவர்களிடம் "இதோ, அஞ்சே நிமிஷம்" என்று வாய் கூசாமல் பொய் சொல்வது எல்லாம் நான். கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்ட நாத்தனார். எனக்கும் அண்ணிக்கும் தினம் ஒரு சண்டை வராவிட்டால் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்காது.

வெளியூருக்கு வீடு மாற்றிய ஒரு வாடிக்கைக்காரி, செருப்புப் பெட்டியில் ஒரு பொமரேனியன் குட்டியைக் கொண்டுவந்து, "ரெண்டே நாள் வெச்சிருங்க, வந்து வாங்கிக்கறேன்" என்று வைத்துவிட்டுப் போனாள். போனவள் போனவள்தான். உள்ளங்கையில் அடங்குகிற அந்த வெள்ளை உருண்டை, வந்த அன்றைக்கே முகப் பவுடர் டப்பாவில் மூக்கை விட்டது. தும்மியது, மறுபடி தும்மியது, தும்மின வேகத்தில் குப்புற விழுந்தது. பெயர் அங்கேயே வைத்தாயிற்று: தும்மல்.

"தெருவுல நின்னு 'தும்மல், தும்மல்'னு கூப்பிட்டா என்னை என்னன்னு நினைப்பாங்க?" என்றான் அண்ணன்.

"ஜலதோஷம்னு நினைப்பாங்க" என்றாள் அண்ணி.

எனக்கு நாய் என்றால் ஆகாது. "நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டுல வெச்சாலும்..." என்று ஆரம்பித்தேன். "நடு வீட்டுல வைக்கல, நடு நாற்காலியில வெச்சிருக்கேன். வேற பழமொழி இருந்தா சொல்லு" என்று அண்ணி என் வாயை அடைத்தாள்.

அது பண்ணிய அட்டூழியம் கொஞ்சநஞ்சமா! சீப்பு சீப்பாகக் கடித்துத் துப்பும். நான் துவைத்து மடித்த துண்டு அடுக்கைத் தேடிப் போய் அதன்மேல்தான் மூத்திரம் போகும். தரையில் குவிந்த முடியில் புரண்டு, யாருடைய சுருட்டை முடியையோ தலையில் மாட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் நடுவில் வந்து நிற்கும். பால்பல் தானாக விழாமல் புதுப்பல்லோடு சேர்ந்து நின்றது. சின்ன ஜாதி நாய்களுக்கு அப்படி நிற்பதுண்டு என்று சொல்லி கால்நடை டாக்டரம்மா பிடுங்கிவிட்டார். அவரும் எங்கள் வாடிக்கைதான், மாதம் தவறாமல் கிராப் வெட்டிக்கொள்வார். பல் பிடுங்கிய அன்று நாய் அழவில்லை, அண்ணி அழுதாள்.

ஞாயிறு தோறும் அதற்குக் குளியல். பிறகு டிரையர், பிறகு பிரஷ். டிரையர் ஓடத் தொடங்கினால் தும்மல் சொக்கித் தூங்கிவிடும். ஒவ்வொரு முடியாக எழுப்பி, பந்துபோல் ஆக்கிவிட்டுத்தான் அண்ணி ஓய்வாள். "இதுக்குப் போடுற ஷாம்பூவையே எனக்கும் போடுங்க" என்று கேட்காத வாடிக்கை கிடையாது. சொல்ல வெட்கமாக இருந்தாலும், கடைக்கு விளம்பரமே அந்த நாய்தான்.

தும்மலுக்குப் பதிமூன்று வயதில் இருமல் வந்தது. இதயத்தில் கோளாறு என்று டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். குளிர் முடிகிறவரை குளிப்பாட்ட வேண்டாம் என்றார். அண்ணி விடுவாளா? தண்ணீர் படாமல் பவுடர் தூவி, சீவிச் சீவி, முன்னைவிட அழகாக ஆக்கிவைத்தாள். வயிறு மட்டும் கொஞ்சம் தொங்கியது. "முன் மேசைப் பக்கம் உட்காருற ரெண்டு பேருக்கும் தொப்பை போட்டுடுச்சு" என்று அண்ணன் என்னையும் சேர்த்து வாரினான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

ஒருநாள் வாடிக்கைக்கார அம்மாள் ஒருத்திக்கு அண்ணி தலை அலசும்போது கைக்குழாய் நழுவி, தொட்டியடியில் தூங்கிக்கொண்டிருந்த தும்மல்மேல் கொட்டிவிட்டது. அது எழுந்து நின்றது. நனைந்த முடி உடம்போடு ஒட்டியதும் முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. இடுப்பு எலும்பு இரண்டு பக்கமும் துருத்தியது. உடம்பே இல்லை, வயிறு மட்டும்தான். தலையில் நுரையோடு அந்த அம்மாள் "அடப்பாவமே" என்றாள். அண்ணி ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மண்ணீரலில் கட்டி. "எடை குறையவே இல்ல பாருங்க. வெளியில சதை போன அளவுக்கு உள்ள கட்டி வளர்ந்திருக்கு. அதான் தெரியல."

"தெரியலன்னு சொல்லாதீங்க டாக்டர். நான்தான் சீவிச் சீவி மறைச்சேன்" என்றாள் அண்ணி.

டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அறுவை சிகிச்சை செய்யலாம். ஆனால் இந்த இதயம் மயக்கத்தைத் தாங்குமா என்று சொல்ல முடியாது. தாங்கினாலும் சில மாதம்தான் கூடுதலாகக் கிடைக்கலாம். செய்யாவிட்டால் கட்டி எந்த நாளும் உடையலாம். அதுவரை வலிக்கு மருந்து கொடுத்து, தாங்க முடியாமல் போகும்போது ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம். "முடிவு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

"வயசான உயிர். அதைப் போய் அறுக்கணுமா?" என்று வீட்டில் அண்ணன் தயங்கினான். "அறுத்துத்தான் ஆகணும். கைகட்டி வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களா?" என்று அண்ணி பாய்ந்தாள்.

என் நாக்கில் சனி. "இது நாய்க்காகவா, உங்க மனசுக்காகவா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். அவள் திட்டவில்லை. அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை. எங்கள் வீட்டில் அது திட்டைவிடப் பெரிய தண்டனை.

ஆனாலும் அறுவை சிகிச்சை அன்று நானும் கூடப் போனேன். மயக்க நேரம் குறைய வேண்டும் என்பதால் விலாவிலும் வயிற்றிலும் முடியை முன்னாடியே எடுக்க வேண்டுமாம். உதவியாளர் மெஷினோடு வந்தார். "அதை இப்படிக் குடுங்க. இது உடம்புல வேற யாரும் மெஷின் வைக்கக் கூடாது" என்று அண்ணி வாங்கிக்கொண்டாள்.

இடது பக்கத்தை எடுத்து முடித்தாள். கட்டி புடைத்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக, மெல்லிசாக இருந்தது. வலது பக்கம் எடுக்கத் திருப்பிப் படுக்கவைத்தாள். தும்மல் வீலென்று கத்தியது. கடிக்கவில்லை. நடுங்கிக்கொண்டே அவள் மணிக்கட்டை நக்கியது. தூக்கி ஆசுவாசப்படுத்தி மறுபடி மெதுவாகத் திருப்பினாள். மறுபடி கத்தியது, மறுபடி நக்கியது.

அண்ணி மெஷினை அணைத்தாள். "புரட்டிப் போட்டாலே தாங்கல டாக்டர். இதை வெட்டி, தைச்சு, நான் எதைச் சரி பண்ணப் போறேன்?" அண்ணி என்னைப் பார்த்தாள். "நீ கேட்டது சரிதான்டி. வா, வீட்டுக்குப் போகலாம்."

சரி என்று சொல்லக் கேட்டும் எனக்குத் துளி சந்தோஷம் இல்லை.

அடுத்த வாரங்களில் பார்லர் நாற்காலியில் ஒரு பக்கம் வெள்ளைப் பஞ்சும் ஒரு பக்கம் வெறும் தோலுமாக ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. "எந்தக் கடன்காரன் இப்படி வெட்டினது?" என்று வாடிக்கைக்காரிகள் கேட்டார்கள்.

"நான்தான்" என்பாள் அண்ணி.

"அந்தப் பக்கமும் எடுத்து ஒண்ணாக்கிடலாமே?"

"திருப்பிப் படுக்க வெச்சா அதுக்கு வலிக்கும். இருக்கட்டும்." கேட்டுக்கொண்டிருந்த நான், துண்டைச் சூடுபண்ணுகிற பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய், யாரும் பார்க்காதபோது அதன்மேல் போர்த்திவிட்டு வருவேன்.

முட்டையைக்கூட முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளில், மாத்திரை கொடுத்தும் முனகல் நிற்கவில்லை. மதியம் அண்ணியே போன் செய்தாள். "வாங்க டாக்டர், போதும்" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் ஷட்டரை இறக்கினான்.

முடியில்லாத பக்கம் மேலே இருக்கும்படி அதை மடியில் கிடத்தி, வெறும் தோலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா ஊசி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக் குனிந்தார். அவர் வைப்பதற்குள், "நின்னுடுச்சு டாக்டர்" என்றாள் அண்ணி. கையை எடுக்கவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். "வாடி, நீயும் ஒரு கை வை. இன்னும் சூடு இருக்கு."

வைத்தேன். இத்தனை வருஷமும் ஒருமுறைகூட அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத நான், "தும்மல், தும்மல்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.