கூறைத் தட்டமும் வெள்ளி றிம்மும்

எழுபதுகளின் நடுப்பகுதி. வட்டுக்கோட்டையில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் ஐயா என்போம். ஐயா காலமானபோது எனக்கென்று விட்டுப்போனது அவருடைய பழைய 'ஏ போட்டி' (A40) கார்தான். அதை விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நான் பிடிவாதமாக ஓட்டப் பழகி, அதிலேயே பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வந்தேன்.

ஓட்டுவதில் கரைச்சல் இல்லை. காற்றுப் போனால்தான் கரைச்சல். அந்தக் காரின் சில்லை, அந்தப் பாரச் சக்கரத்தை, தூக்கி மாட்ட என்னால் முடியாது. நான் தெருவில் நின்றால் போதும், சைக்கிளில் போகிறவர்கள் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். ஒருவர் சில்லைக் கழற்றுவார். மற்ற ஆறு பேரும் பெண்பிள்ளைக்குக் கார் எதற்கு என்று கதைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த வருடம் மாரி மழைக்குப் பிறகு ஒரு மதகடிப் பள்ளத்தில் விழுந்து, முன்சில்லு இரண்டின் றிம்மும் நெளிந்துவிட்டன. இறக்குமதி நின்றிருந்த காலம். புது றிம்முக்கு வழியில்லை. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு பழைய இரும்புக்கடைக்குப் போனேன். விலை குறைவாக இருக்கவேண்டும். அதைவிட முக்கியம், நானே தூக்கக்கூடிய பாரமாக இருக்கவேண்டும்.

குவிந்து கிடந்த றிம்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"ரீச்சர் என்ன, தேங்காயே வாங்கிறியள்? தட்டிப் பாக்கிறியள், தூக்கிப் பாக்கிறியள்" என்றார் முதலாளி.

"இது ரெண்டும் நல்ல லேசு அண்ணை. விலையும் குறைவு. இதைத் தாங்கோ."

அவர் அவற்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உது துருப்பிடிச்சுக் கறள் திண்டது ரீச்சர். லேசாத்தான் இருக்கும். குறைஞ்ச இரும்பு எங்கை போச்சுது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அங்காலை கிடக்கிற ரெண்டும் பாரந்தான், ஆனா அசையாது."

"பொம்பிளை எண்டபடியா விலை கூடினதைத் தலையிலை கட்டப் பாக்கிறியள், என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவருடைய முகம் சுருங்கிப்போனது. நான் கேட்டதையே கட்டித் தந்தார்.

வீட்டில் இரண்டையும் அரத்தாளால் தேய்த்து வெள்ளிப் பெயின்ற் பூசினேன். கறள் இருந்த இடமே தெரியவில்லை. ரயர் பூட்டிய பிறகு முற்றத்தில் ஒரு சில்லைத் தூக்கித் தம்பிக்குக் காட்டினேன். அவன் கைதட்டினான். இன்னும் இரண்டு தரம் தூக்கிக் காட்டினேன்.

இரண்டு கிழமையில் அதே தம்பிக்குக் கலியாணம். பெண்வீடு உடுவிலில். தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டம் மாப்பிள்ளையின் அக்காவான என் பொறுப்பு. மாப்பிள்ளையின் கார் நிறைந்துவிட்டதால், "தட்டத்தோடை நான் என்ரை காரிலை வாறன்" என்றேன். மாமி பின்சீற்றில் ஏறி, தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார். மாமிக்குக் கொஞ்சம் தாராளமான உடம்பு.

மானிப்பாய் தாண்டித் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம். கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வெங்காயத் தோட்டத்து வேலியோரம் நின்றது. இறங்கிப் பார்த்தால், வெள்ளி றிம் அப்பளம்போலப் பிளந்து கிடந்தது. முன்னால் போன மாப்பிள்ளையின் கார் ஹோர்ன் அடித்தபடியே புழுதியில் மறைந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது.

டிக்கியிலிருந்து உருட்டி விழுத்திய மேலதிகச் சில்லோ பழைய பாரச் சில்லு. ஜக்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"மாமி, ஒருக்கா இறங்குங்கோ."

"இறங்கித் தட்டத்தை எங்கை வைக்கிறது? நிலத்திலை வைக்கப்படாது. நீ என்னையும் சேத்து உயத்து பிள்ளை."

மாமியையும் சேர்த்து உயர்த்தினேன். உடைந்த சில்லு லேசாகக் கழன்று வந்தது. மற்றதைக் கட்டிப்பிடித்து முழங்கால் வரை தூக்கினேன், விழுந்தது. மறுபடி தூக்கினேன், என் பட்டுச்சேலைத் தலைப்பின் மேலேயே விழுந்தது. மற்ற நாட்களில் ஏழு பேர் கூடுகிற தெருவில் அன்றைக்கு ஒரு சைக்கிள்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலிக்கு அப்பால் வெங்காயத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டேன். என்னில் பாதி உடம்புதான் இருக்கும்.

"தூக்க ஏலாமல் கிடக்கு அக்கா. ஒருக்கா வாறீங்களே?"

"உதை ஆர் தூக்கச் சொன்னது?" என்றபடி ஓர் அலவாங்கோடு, நீட்டுக் கடப்பாரையோடு, வந்தார். சில்லை உருட்டி இடத்துக்கு நேரே நிறுத்தச் சொன்னார். ஒரு கல்லை வைத்து, அலவாங்கின் நுனியைச் சில்லுக்கு அடியில் கொடுத்து, மறுமுனையைக் காலால் அமத்தினார். சில்லு தன்பாட்டில் எழும்பியது. "இப்ப பிடிச்சுத் தள்ளு." தள்ளினேன். மாட்டிக்கொண்டது.

"கல்லுக் கிளப்பிறம், பனங்குத்தி பிரட்டிறம். எல்லாத்தையும் தூக்கியே செய்யிறம்?" என்றார்.

நட்டுகளை முறுக்கிக்கொண்டே யோசித்தேன். இதற்காகவா நான் கடை முழுக்கத் தூக்கிப் பார்த்தேன்?

"நான் படுற பாட்டைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள். முதலே வந்திருக்கலாமே அக்கா?"

"நீ கூப்பிடேல்லையே பிள்ளை. காரிலை போற ஆக்கள் எங்களைக் கூப்பிடுவினமோ எண்டு நினைச்சன்."

மற்ற வெள்ளி றிம்மும் போய்விடுமோ என்ற பயத்தில் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன். பின்னாலிருந்து மாமி ஊரிலுள்ள கோயில்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். கலியாண வீட்டில் ஐயர் மந்திரங்களை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி என் கோலத்தைப் பார்க்கவேயில்லை. "அக்கா, தாலி எங்கை?" என்றுதான் கேட்டான். மாமி தட்டத்தோடு தேரிலிருந்து இறங்கும் அம்மன் மாதிரி இறங்கினார். முகூர்த்தம் தப்பவில்லை. கலியாணப் படங்களில் மட்டும் என் கன்னத்தில் கிறீஸ் கறுப்பாகத் தெரிகிறது.

அடுத்த கிழமை இரும்புக்கடைக்குப் போய், அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பாரமான றிம் இரண்டும் வேண்டும் என்றேன்.

"பாரம் பரவாயில்லையோ ரீச்சர்?"

"பரவாயில்லை அண்ணை. அலவாங்கும் ஒண்டு தாங்கோ."

அந்தத் தோட்டத்து அக்காவின் பெயரைக்கூட நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எதையும் தனியாகவே முடித்துக் காட்டவேண்டும் என்ற வீம்பு வரும்போதெல்லாம், இன்றைக்கும் ஒருமுறை சுற்றிவரப் பார்க்கிறேன். நான் கூப்பிடட்டும் என்று ஒருவர் வேலியோரம் நின்றுகொண்டிருக்கக்கூடும்.