வெறுங்கையால் பிடித்திருந்தால்

அண்ணன் செத்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு நோட்டீசில் 'இயற்கை எய்தினார்' என்று போடலாமே என்றார் அச்சகத்துக்காரர். நான் ஒப்பவில்லை. சடுகுடுவில் தொடப்பட்டு வெளியேறுகிறவனைச் 'செத்தான்' என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் ஆட்டக்காரர். அவருக்கு அந்தச் சொல்லே மரியாதை.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஊருக்கு வெளியே இருந்த காலனியில் அண்ணன் பிறந்தார். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனாவும் அண்ணனும் பெரிய வீட்டுப் பண்ணையில் ஏர் ஓட்டினார்கள். ஐம்பதுகளின் கடைசியில் பெரிய வீட்டுக்காரர் ஊருக்கு ஒரு சடுகுடுக் குழு சேர்த்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவே அண்ணனையும் சேர்த்தபோது எல்லாருக்கும் ஆச்சரியம். பெரிய வீட்டுக்காரர் வாயாலேயே காரணம் வந்தது.

"ஒன்ன எவன்டா புடிப்பான்? தம் கட்டிக்கினு உள்ள பூந்து தொட்டுட்டு வா, போதும்."

"சரிங்க ஆண்டே" என்றார் அண்ணன்.

அப்படியே நடந்தது. அண்ணன் பாடிக்கொண்டு இறங்கினால் எதிராளிகள் கடைசிக் கோடு வரை ஓடுவார்கள். தொடப்பட்டவர்கள் ஏரியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். கோப்பை பெரிய வீட்டுக்குப் போகும். ஜெயித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். அண்ணன் தள்ளி நின்று கைதட்டுவார்.

ஆனால் அண்ணனை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. "நா நல்லா ஆட்றேனா, இல்ல பயந்துகினு வுட்றானுங்களா? ஒரே ஒரு தபா எவனாச்சும் புடிச்சா தெரிஞ்சுபூடும்மே" என்று தங்கையான என்னிடம் சொல்வார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கடைசி ஆட்டத்துக்குத் தாலுகா அதிகாரி ஒருவர் தலைமை தாங்கினார். விளையாட்டு மக்களை ஒன்றாக்கும், திடமான இளைஞனே நாட்டின் செல்வம் என்று வெகுநேரம் பேசினார். அண்ணன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். அன்று யாரும் ஓடவில்லை. எதிராளிகள் கைகளில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு பேர் தோல் படாமல் சாக்கோடு காலைப் பிடித்து மடக்கினார்கள். மூன்றாவது ஆள் முழங்கால்மேல் குதித்தான். எலும்பு உடைந்த சத்தம் கூட்டத்துக்கே கேட்டது. அண்ணன் பாட்டை நிறுத்தவில்லை. "சடுகுடு சடுகுடு" என்று முனகிக்கொண்டே கோட்டை நோக்கிக் கையை நீட்டினார். தம் அறுந்து பாட்டு நின்றதும் நடுவர் ஊதினார்.

"தோக்கடிச்சிட்டியேடா" என்றார் பெரிய வீட்டுக்காரர். தூக்க யாரும் வரவில்லை. நைனாதான் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா காயத்திலிருந்து சணல் நாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னிடம் சொன்னார். "வெறுங்கையால புடிச்சிருந்தா நழுவிக்கினு வந்துருப்பேம்மே. சாக்குதான் வழுக்கல."

அதன்பிறகு அண்ணனால் சேற்றில் இறங்க முடியவில்லை. நொண்டிக்கு என்ன வேலை என்று பண்ணையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாலாஜாபாத் அரிசி மில்லிலும் அதையே சொன்னார்கள். அண்ணி நாற்று நட்டுத்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். நல்ல ஆட்டம் பார்த்த மகிழ்ச்சியில் அதிகாரி ஊருக்கு ரோடு போட ஏற்பாடு செய்தார். அது காலனிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நான் ஆசிரியை ஆனேன். விளையாட்டால் நாடு அடையும் நன்மைகள் என்று வருடந்தோறும் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைத்தேன். நானே திருத்தி மதிப்பெண்ணும் போட்டேன்.

படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அண்ணன் டிவியில் கபடி பார்ப்பார். பாடி வந்தவன்மேல் மொத்தக் குழுவும் விழுந்து அமுக்கும். "பாரும்மே, எப்டிக் கட்டிப் புடிக்கிறானுங்க" என்பார். அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணனைக் குளிப்பாட்டிய, தோள் கொடுத்த காலனி உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரவு பகல் பாராமல் காலைத் தேய்த்துவிட்ட அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பெரிய வீட்டிலிருந்தும் ஒரு மாலை வந்தது. கொண்டுவந்தவர் ரோடு முடியும் இடத்திலேயே நின்று கொடுத்தனுப்பினார். பூ வாடாமலிருக்க அதை ஈரச் சாக்கில் சுற்றியிருந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. அந்த மாலையை அண்ணன்மேல் போட நான் விடவில்லை.