அடிபிடித்த வஞ்சிரக் குழம்பு

இன்றும் குழம்பு அடிபிடித்துவிட்டது. ஓய்வுபெற்ற போதகனுக்குப் படிக்க நேரமிருக்கிறது, அடுப்பைப் பார்க்கத்தான் புத்தியில்லை. அந்தக் கருகல் வாடை, இன்றைக்கு கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில் அன்று இருந்த எங்கள் ராயபுரம் லைன் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பா முற்றத்து அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு, வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்கும்படி பேப்பர் படிப்பார். கொலைவழக்கு சூடு பிடிக்கும்போதுதான் எதிர்வீட்டுக் கன்னியம்மா அத்தை குரல் கொடுப்பார்.

"இன்னா நைனா, கொயம்பு அடி புடிக்குது, மூக்கு கீதா இல்லியா?"

உடனே வாசலுக்கு வாசல் அதே கூச்சல். அப்பா பேப்பரைப் போட்டுவிட்டு ஓடுவார். கொன்றவன் யாரென்று எனக்கு ஒரு வாரமும் தெரிந்ததில்லை. ஒரு பக்கத்தைக்கூட நிம்மதியாகப் படிக்க விடாத சனங்கள் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இன்று இந்த அடுக்குமாடியில் ஒரு அத்தியாயத்தை முழுதாகப் படித்து முடித்தேன். சட்டி கருகி, புகை மாடிப்படி வரை போய்விட்டது. ஒருத்தரும் கத்தவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் தன் சன்னலைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.