இறக்கிய வண்டிக்கு ஏற்ற சக்கரம்

இதை எழுதலாம் என்று உட்கார்ந்து, வேண்டாம் என்று எழுந்துபோனது எத்தனை வருஷம் என்று எனக்கே தெரியாது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் நின்ற காலம் அது. மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் ஜெயிலுக்குப் போனார்கள். சில வீடுகளில் இழவே விழுந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு காருக்கு எந்தச் சக்கரம் பொருந்தும் என்று அலைந்துகொண்டிருந்தேன், அதில் சந்தோஷமாகவும் இருந்தேன் என்று எழுத எனக்குக் கூச்சம். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்ற பயமும் உண்டு. இப்போது என் வீட்டுக்காரியே எழுதச் சொல்லிவிட்டாள். அம்மனைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். அதோடு பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓட்டினேன். என் மனைவிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. கம்பு ஊன்றி நன்றாக நடப்பாள், மாடு கறப்பாள், ஒரு வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்க மாட்டாள். காரில் ஏறுவது ஒன்றுதான் முடியாது. சீட்டு உயரம். நானோ அவள் தம்பியோ இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். கோயில் வாசலில் நாலு பேர் பார்க்க அப்படித் தூக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

எங்கள் மகனுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது, கல்வராயன் மலைமேல் இருக்கிற ஒரு அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். மூன்று வருஷம் தள்ளிப்போட்டாள். சாமி காரியத்தைத் தள்ளிப்போடுகிறாளே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“மூட்ட மாரி தூக்கிப் போட்டுக்கினு போயி அவ முன்னால எறக்குவீங்க. நான் வரலிங்க. நானா ஏறி ஒக்கார முடிஞ்சா வரேன். அதுவரிக்கும் அவ காத்துக்கினு இருப்பா” என்றாள்.

வண்டியின் உயரத்தை இறக்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கள்ளக்குறிச்சியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர். வாய் கொஞ்சம் நீளம். மேடும் பள்ளமுமான இந்த ரோட்டுக்கு எல்லோரும் வண்டியைத் தூக்கிக் கொடு என்றுதான் வருவார்கள், இறக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் பக்கத்துக்கு ஒன்றை உருவினார், முன்பக்கத்தையும் தளர்த்தினார். மூன்று விரற்கடை இறங்கியது. மனைவி வந்து உட்கார்ந்து பார்த்தாள். இன்னும் இரண்டு விரல் இறங்கினால் முடியும் என்றாள். இன்னொரு பட்டையை எடுத்தால் வண்டி சுமை தாங்காது. சக்கரத்தைச் சின்னதாக்குவதுதான் வழி என்றார் மெக்கானிக்.

விழுப்புரத்தில் பழைய சாமான் கடையில் நாலு சின்ன சக்கரம் கிடைத்தது. போல்ட் ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. ஓட்டை பொருந்தினால் சக்கரம் பொருந்திற்று என்றுதான் நான் நினைத்தேன். சக்கரத்துக்கு நடுவில் போல்ட் போடுகிற தட்டு ஒன்று இருக்கிறது அல்லவா? அது ரிம்மின் நடுக்கோட்டிலேயே இருக்காது. தட்டு உள்பக்கம் தள்ளியிருந்தால் சக்கரம் முழுதும் வெளியே வந்து நிற்கும். வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் சக்கரம் வண்டிக்கு உள்ளே போய்விடும். இதற்கு ஆஃப்செட் என்று பெயர் என்பது பின்னால்தான் தெரிந்தது. நாங்கள் ‘தட்டு’ என்போம்.

என் அவசரத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். மெக்கானிக் சாப்பிடப் போன நேரத்தில், ஜாக்கியில் தூக்கி நிறுத்தியபடியே சக்கரத்தை மாட்டி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் தாராளமாகப் போயிற்று. தூக்கி வைத்த வண்டியில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும், இடம் ஜாஸ்தியாகத்தான் தெரியும் என்பது உறைக்கவில்லை.

மறுநாள் ஆயுத பூசை. வண்டியைக் கழுவி, நாலு மட்கார்டு விளிம்பிலும் சந்தனம் குழைத்துப் பட்டையாகப் பூசிக் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்து, குடும்பத்தோடு பிள்ளையார் கோயில்வரை போய் வந்தோம். வழியெல்லாம் பின்னால் கரகரவென்று சத்தம். திரும்பி வந்ததும் மனைவி குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, முன்னால சந்தனம் அப்படியே இருக்குது. பின்னால ரெண்டு பக்கமும் வழிச்செடுத்த மாரி கீதே, இன்னா அது?”

ஆள் ஏறினதும் வண்டி தணிந்து, தட்டு உள்பக்கம் தள்ளியிருந்ததால் வெளியே நின்ற டயர் மட்கார்டைத் தேய்த்திருக்கிறது. மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். “அளவெடுக்க நான் டேப்பு வச்சிக்கினு இருக்கேன், நீங்க சந்தனம் வச்சிக்கினு இருக்கீங்க. உங்குளுதுதாண்ணா கரீட்டு” என்றார். கிண்டல் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த செட்டுக்கு அவரே சந்தனம் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டாவது செட்டில் தட்டு வெளிமுகத்தை ஒட்டி இருந்தது. இந்த முறை வண்டியைத் தரையில் நிறுத்தி, மனைவியின் தம்பியான என் மச்சானையும் அவன் மனைவியையும் பக்கத்து வீட்டுப் பெரிய உடம்புக்காரர் ஒருவரையும் பின்னால் உட்கார வைத்தோம். “சாமி பார்க்க கூட்டிக்கினு போறேன்னீங்களே மாமா, இப்ப எங்கள எடக்கல்லு ஆக்கிட்டீங்களே” என்றான் மச்சான். ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பார்த்தால் மட்கார்டு சந்தனம் பத்திரம். உள்பக்கம் ஸ்பிரிங் பட்டைமேல் பூசியிருந்த சந்தனம் மொத்தமும் தேய்ந்துபோயிருந்தது.

அதற்குள் மறியல் மறுபடி தொடங்கிவிட்டது. பஸ் இல்லை. விழுப்புரம் போக வழியில்லாமல் பத்து நாள் வீட்டில் கிடந்தேன். தினமும் விளக்கு ஏற்றும்போது என் மனைவியும் நானும் அம்மனிடம் பொருந்துகிற சக்கரத்தைத்தான் கேட்டோம், வெட்கமில்லாமல். ரோடு திறந்ததும் போனேன். கடையின் கடைசி மூலையில் மூன்றாவது செட் கிடந்தது. ரிம்மின் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, தட்டு எங்கே நிற்கிறது என்று விரலால் அளந்தேன். நடுக்கோட்டிலிருந்து வெளிமுகம் பக்கமாக ஒரு விரல். மாட்டி, ஆட்களை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ஓட்டினோம். எந்தச் சந்தனமும் கலையவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டோம். நான், மனைவி, மகன், மச்சான், அவன் மனைவி. எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி தானாக ஏறியதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நடந்த மாதிரிதான் அது. மலையடிவாரத்துக்கு முன்னால் ஒரு புளியமரம் ரோட்டில் கிடந்தது. ஓரமாக மண் போட்டு ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். மரத்தின்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

“வண்டி தரையோட கெடக்குதுங்களே. ஆளுங்க எறங்கிக்கினா தாண்டிரும்.”

எல்லோரும் இறங்கினார்கள். அவள் கம்பை ஊன்றி மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். நான் காலி வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினேன். மச்சான் பழக்க தோஷத்தில் அவளிடம் போனான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டான். கதவைத் திறந்தாள். கம்பை உள்ளே வைத்தாள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் இடது காலை எடுத்து உள்ளே வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மரத்தின்மேல் இருந்தவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னாங்க, நின்னுக்கினே இருக்கீங்க? வெயில் ஏறுது” என்றாள் என்னைப் பார்த்து.

மலை வளைவுகளில் டயர் எங்கும் உரசவில்லை. பொங்கல் பொங்கியது. அவள் குலவை போட்டாள். நான் அழுதேன், புகை என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு எங்கள் பக்கம் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். மலைக்குப் போகிற வழியில் அம்மன் அவள் காலை நேராக்கிவிட்டாளாம். அதனால்தான் என் வீட்டுக்காரி எழுதச் சொன்னாள். கால் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. அந்த மூன்றாவது செட்டை மூலையில் காட்டிக்கொடுத்தது அம்மன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால், அவள் காலை நேராக்காமல் சொல்லுங்கள். தட்டு நடுக்கோட்டிலிருந்து வெளிமுகம் பக்கமாக ஒரு விரல் என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.